நகையா, முன்பணமா, பிள்ளையின் படிப்பா: நெருக்கடியில் ஒரு தறிக் குடும்பம் எதை முதலில் விட்டுக்கொடுப்பது?

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் ஐந்து பவுன் சங்கிலி ஒன்று இருந்தது. அக்காவின் கல்யாணத்துக்கென்று அம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்தது அது. எந்தக் காரணத்துக்காகவும் அதைத் தொடக் கூடாது என்பது வீட்டில் எல்லோரும் அறிந்த கட்டுப்பாடு. 1996ஆம் ஆண்டு அப்பாவுக்கு நுரையீரலில் நோய் கண்டு நான்கு மாதம் தறிக்குப் போக முடியாமல் போனபோது, எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அக்காவைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தறிக்கான ஊடை நூலைக் குழலில் சுற்றும் தார் சுற்றும் வேலைக்கு அனுப்பினார்கள். சங்கிலி பெட்டியிலேயே இருந்தது. வீட்டில் யாரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்துவது தவறு என்று அப்பாவே பல முறை சொல்லியிருக்கிறார். இரண்டு கொள்கைகளில் ஒன்றை விட்டே தீர வேண்டும் என்ற நிலை வந்தபோது, எது பிறகு திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது என்று அன்றைக்கு யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அந்த ஒப்பீட்டைத்தான் இங்கே செய்து பார்க்க முயல்கிறேன்.

காவிரிக்கு ஒரு கரையில் ஈரோடு, எதிர்க்கரையில் பள்ளிபாளையம். சற்று மேலே பவானிக்கு எதிரே குமாரபாளையம். இந்த விசைத்தறி ஊர்களில் வாரக் கூலியை நம்பி வாழும் குடும்பங்களுக்கென்று எழுதாத சில கட்டுப்பாடுகள் உண்டு. கந்துவட்டிக்குப் போவதில்லை, தாலிக்கொடியை அடகு வைப்பதில்லை, சொந்தக்காரர் முன் கை நீட்டுவதில்லை, பெற்ற பிள்ளையைத் தறிக்கு விடுவதில்லை, பொய் சொல்லி அரசாங்கத்திடம் எதையும் வாங்குவதில்லை. இவை எல்லாமே நல்ல கட்டுப்பாடுகள்தான். ஆனால் எல்லாம் ஒரே எடை உடையவை அல்ல என்பது, கஷ்டம் வந்து அவற்றுள் ஒன்றையாவது உடைக்க வேண்டியிருக்கும்போதுதான் தெரிகிறது. என் பார்வையில் ஒவ்வொன்றையும் எடை போட இரண்டு கேள்விகள் போதும். இன்று விட்டுக்கொடுத்ததை நாளை மீட்க முடியுமா என்பது ஒன்று. முடிவெடுப்பவரே அதன் சுமையைத் தாங்குகிறாரா, அல்லது அந்தப் பேச்சில் கலந்துகொள்ளாத ஒருவர் தலையில் அது விழுகிறதா என்பது இன்னொன்று.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். கணவனும் மனைவியும் ஒரே பட்டறையில் தறி ஓட்டுகிறார்கள். மகள் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. மகன் கட்டணம் கட்டும் ஆங்கிலவழிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. பட்டறை முதலாளியிடம் ஏற்கெனவே வாங்கிய முன்பணம் 60,000 ரூபாய் அடைபடாமல் நிற்கிறது. தாலிக்கொடியும் மகளுக்கென்று வாங்கியதும் சேர்த்து நான்கு பவுன் இருக்கிறது. கணவனுக்கு நெஞ்சுவலி வந்து, இதயக் குழாயில் அடைப்பு என்று தனியார் மருத்துவமனையில் சொல்லி, சிகிச்சைக்கு இரண்டு லட்சம் ரூபாய் ஆகும் என்கிறார்கள். அடுத்த மூன்று மாதம் அவர் தறிப்பக்கம் போகக் கூடாது.

இந்த இரண்டு லட்சம் என்ற தொகையை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதை எங்கே புரட்டுவது என்று ஓடத் தொடங்குவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் முதல் தவறு என்று நினைக்கிறேன். அந்தத் தொகையைக் குறைக்கும் வழி ஒன்று இருக்கிறது. அதற்கு விட்டுக்கொடுக்க வேண்டியது கௌரவம் மட்டுமே. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2009இல் கலைஞர் பெயரில் தொடங்கப்பட்டு 2012இல் இப்போதைய பெயரில் மறுபடி தொடங்கியது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சை அதில் அடங்கும்; இதய அறுவைகளும் குழாய் அடைப்பு நீக்கமும் அதன் பட்டியலில் உள்ளவை. பெருந்துறையிலும் சேலத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன; நாமக்கல்லிலும் 2022இல் ஒன்று திறக்கப்பட்டது. அங்கே வரிசையில் நிற்க வேண்டும், தரையில் பாய் விரித்துப் படுக்க வேண்டும், ‘பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டாங்களாம்’ என்று தெருவில் பேசுவார்கள். இவை உண்மையான கஷ்டங்கள். நான் அவற்றை இலேசாகச் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கஷ்டம் சில வாரங்களில் முடிந்துவிடும். அதைப் படுபவர்களும் முடிவெடுத்த அந்தப் பெரியவர்களே.

இதில் நேர்மையைத் தொடும் சிக்கல் ஒன்று உண்டு. அந்தக் காப்பீட்டு அட்டைக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் 10,000 ரூபாய். இருவர் தறி ஓட்டும் வீட்டில் நல்ல மாதங்களின் கூலியை மட்டும் கணக்கிட்டால் இந்த வரம்பைத் தாண்டிவிடும். அதனால் ‘பொய் சொல்லிச் சான்று வாங்க மாட்டோம்’ என்று ஒதுங்கிக் கொள்ளும் நேர்மையானவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவர்களிடம் நான் கேட்பது, உண்மையான கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்த்தீர்களா என்பதுதான். நூல் விலை ஏறிப் பட்டறை மூடிய வாரங்கள், தறியில் ஏற்றும் பாவு நூல் வராமல் சும்மா இருந்த நாட்கள், உடம்பு முடியாமல் போன நாட்கள், முன்பணத்துக்குப் பிடித்தம் போன தொகை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ளது உள்ளபடி வைத்தால், வரம்புக்குள் வரக்கூடிய வீடுகள் பல. மேலும் சம்பாதிப்பவரே மூன்று மாதம் படுத்துவிட்ட ஆண்டின் வருமானம், முந்தைய ஆண்டின் வருமானம் ஆகாது. இவ்வளவுக்குப் பிறகும் வரம்பைத் தாண்டினால், பொய்க் கணக்குக் கொடுங்கள் என்று எழுத என் கை வராது. அப்போதும் அட்டை இல்லாமலே அரசு மருத்துவமனையில் சேரலாம்; தனியாரிடம் சொன்ன இரண்டு லட்சம் அங்கே வராது.

இப்படிச் செய்தால் நம் குடும்பத்தின் தேவை இரண்டு லட்சத்திலிருந்து ஏறத்தாழ 80,000 ரூபாய்க்கு இறங்கிவிடும் என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் மருத்துவத்துக்கு அல்ல. கணவனின் மூன்று மாதக் கூலி இல்லாமல் போவதற்கும், கூட இருந்து பார்ப்பதற்காக மனைவி இழக்கும் வாரங்களுக்கும், வாடகைக்கும், மருந்துக்கும், போக்குவரத்துக்கும் ஆவது. காப்பீடு சிகிச்சையைப் பார்த்துக்கொள்ளும். அடுப்பை எரிய வைக்காது. இதை மறந்துவிட்டு ‘எல்லாம் இலவசம்தானே’ என்று இருந்தவர்கள்தான் இரண்டாம் மாதம் வட்டிக்காரரிடம் போய் நிற்கிறார்கள். ஆகவே 80,000 ரூபாயைத் தேடும் வழிகளை இனி ஒப்பிடுவோம்.

நகையை அடகு வைப்பது முதல் வழி. நம் ஊரில் வட்டியை நூற்றுக்கு மாதம் இத்தனை என்று பேசுகிறோம். வங்கிகள் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்கின்றன. இந்த இரு மொழிகளுக்கும் இடையே உள்ள குழப்பத்தில் ஏமாந்தவர்கள் ஏராளம் என்பதால், ஒரே கணக்கில் கொண்டு வந்து பார்ப்பது நல்லது. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஆண்டுக்கு 9 சதவீதம் என்றால் அது முக்கால் வட்டி. 80,000 ரூபாய்க்கு மாதம் 600 ரூபாய் ஆகிறது. மகளிர் குழுவின் உள்கடனுக்கோ வாரத் தவணை நிதி நிறுவனத்துக்கோ இரண்டு வட்டி, அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம் என்று கொண்டால், அதே தொகைக்கு முதல் மாதத்தில் 1,600 ரூபாய். பத்து வட்டிக்காரரிடம் மாதம் 8,000 ரூபாய். பத்து மாதத்தில் அசலுக்குச் சமமான வட்டி போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். இதைத் தாளில் எழுதிப் பார்த்த பிறகும் நகையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பத்து வட்டிக்குப் போகிறவர்கள் உண்டென்றால், கணக்குத் தெரியாதது காரணமல்ல. நகையைத் தொடக் கூடாது என்ற கட்டுப்பாடு கண்ணுக்குத் தெரிவதும், வட்டி கண்ணுக்குத் தெரியாமல் போவதுமே காரணம்.

தாலிக்கொடி விஷயத்தில் பெண்கள் படும் வேதனையை நான் குறைத்துப் பேச மாட்டேன். கொடியைக் கழற்றி, தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு வெளியே வரும்போது தெருவே கழுத்தைப் பார்க்கும். ஆனாலும் இந்த விட்டுக்கொடுத்தலில் பொருள் அழிவதில்லை. இன்றைய தங்க விலையில் 80,000 ரூபாய்க்கு இரண்டு பவுனுக்கு மேல் வைக்கத் தேவை இருக்காது, 2.5 லட்சம் ரூபாய் வரையிலான நகைக்கடனுக்குத் தங்கத்தின் மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதி. அவ்வளவு கிடைக்கிறது என்பதற்காக அவ்வளவையும் வாங்கிவிடக் கூடாது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். தள்ளுபடி வரும் என்று காத்திருந்து வட்டி கட்டாமல் விடுவதும் ஆபத்து. 2021இல் கூட்டுறவுச் சங்கங்களில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன்களை நிபந்தனைகளோடு அரசு தள்ளுபடி செய்தது உண்மைதான். அதை எதிர்பார்த்து அடுத்த கடனைக் கட்டாமல் விட்டால் நகை ஏலத்துக்குப் போகும்.

எங்கள் வீட்டுச் சங்கிலிக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2002இல் அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது அது அவள் கழுத்தில் ஏறியது. இரண்டே ஆண்டுகளில் மாமா வேறு பட்டறைக்கு மாற வேண்டியிருந்தபோது, பழைய முதலாளியின் முன்பணத்தை அடைப்பதற்காக அதை விற்றார்கள். படிப்பைக் கொடுத்துக் காப்பாற்றிய பொருள் அவ்வளவு காலம்தான் தங்கியது. 2018இல் மாமா படுத்த படுக்கையானபோது அக்கா யாரையும் கேட்கவில்லை. அன்று மாலையே கொடியைக் கழற்றிவிட்டாள். அவளுடைய மகள் அப்போது பத்தாம் வகுப்பு.

சொந்தக்காரரிடம் கேட்பதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வட்டியில்லாமல் கிடைத்தால் அதைவிட நல்ல வழி கிடையாது. சொல்லிக்காட்டுவார்கள் என்பது தாங்கிக்கொள்ளக் கூடிய வலி. தொகையையும் திருப்பும் நாளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் உறவும் கெடாது. மகனை ஆங்கிலவழிப் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாற்றுவதும் இதைப் போன்றதே. பல பெற்றோர் இதைத் தங்கள் தோல்வியாக நினைக்கிறார்கள். ஆனால் ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தால், மருத்துவப் படிப்பில் 2020 முதலும் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும், கல்லூரியில் சேர்ந்த பிறகு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் அவன் தகுதி பெறுகிறான். இந்த ஒரு மாற்றத்தில் கட்டணமும் மிச்சம். பையனுக்கு இழப்பு என்று நான் எதையும் காணவில்லை.

கடன்களுக்குள் மகளிர் சுயஉதவிக் குழுவும் வாரத் தவணை வசூலிக்கும் நிதி நிறுவனமும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. சுயஉதவிக் குழுவில் பெண்கள் தாங்களே சேமித்த பணத்தைத் தங்களுக்குள் சுற்றிவிடுகிறார்கள். வட்டியும் குழுவுக்கே திரும்புகிறது. ஒரு மாதம் தவறினால் காரணம் கேட்கவாவது பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். நிதி நிறுவனத்தின் குழுக் கடனில் வாரம் தவறாமல் குறிப்பிட்ட கிழமையில் பணம் வைக்க வேண்டும். ஒருத்தி வைக்க முடியாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். பக்கத்து வீட்டுப் பெண்ணைத் தன் கஷ்டத்துக்குப் பிணையாக வைப்பது என்ற கொள்கை மீறல் அதற்குள் மறைந்திருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வசூலுக்கு வருபவர்கள் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வரக் கூடாது, மிரட்டக் கூடாது. வருமானமே நின்றுபோன மூன்று மாதத்தில் வாரத் தவணைக் கடன் எடுப்பது, ஒரு நிறுவனத்தின் தவணையைக் கட்ட இன்னொரு நிறுவனத்தில் வாங்குவதில்தான் போய் முடியும். நகை இருக்கும் வரை இந்தப் பக்கம் போக வேண்டாம் என்பேன்.

கந்துவட்டியைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும்: மீட்டர் வட்டி, நாள் வட்டி, மணி நேர வட்டி எல்லாவற்றையும் 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. இருந்தும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே, இரண்டு குழந்தைகள் உட்பட, தீயில் கருகியது. அதற்குப் பின்னும் அதை ஒரு வழி என்று பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் இல்லை.

முன்பணம்தான் இந்த ஒப்பீட்டில் மிகவும் கடினமான இடம், ஏனென்றால் அது கடன் போலவே தோன்றாது. ஊரில் அட்வான்ஸ் என்பார்கள். முதலாளி சிரித்த முகத்தோடு கொடுப்பார். வட்டி கேட்க மாட்டார். கையெழுத்தும் பெரிதாக இருக்காது. வட்டி வாங்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது என்ற கொள்கை உடைய குடும்பத்துக்கு இதைவிட மானமான வழி இல்லை என்றே தோன்றும். ஆனால் ஏற்கெனவே 60,000 நிற்கும் இடத்தில் இன்னும் 80,000 வாங்கினால், 1,40,000 ரூபாயை அடைக்கும் வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. பக்கத்துப் பட்டறையில் மீட்டருக்கு அதிகக் கூலி கொடுத்தாலும் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். அங்கே போக வேண்டுமானால் அந்த முதலாளி இந்தத் தொகையைக் கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும், அப்போது கடன் அவர் பெயருக்கு மாறுமே தவிரக் குறையாது. வட்டி இல்லை என்பது உண்மையல்ல. குறைந்த கூலியிலும், பேசி வாங்க முடியாத போனஸிலும், மறுக்க முடியாத இரவு ஷிஃப்டிலும் அந்த வட்டி ஒவ்வொரு வாரமும் கட்டப்படுகிறது. கணவன் படுத்திருக்கும் மூன்று மாதத்தில், ‘பெரிய மனுஷன் வரும் வரைக்கும் பிள்ளையை அனுப்பி வையுங்கள், தறி சும்மா நிற்கக் கூடாது’ என்ற பேச்சும் இந்தப் பணத்தோடு சேர்ந்தே வரும். வாங்கியவர் அப்பா, ஈடாக நிற்பது மகள்.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம், முன்பணத்துக்கு ஈடாக ஒருவர் வேறு இடத்தில் வேலை செய்யும் சுதந்திரத்தையோ விருப்பப்படி நடமாடும் உரிமையையோ இழந்தால் அதைக் கொத்தடிமை முறை என்றே சொல்கிறது. அத்தகைய கடன் திருப்பித் தர வேண்டியதல்ல என்றும் சொல்கிறது. கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்று கொடுக்க முடியும். இப்படிச் சொன்னால் எங்கள் ஊரில் சிறிய பட்டறைக்காரர்கள் வருத்தப்படுவார்கள் என்று தெரியும். எட்டுத் தறி வைத்துக்கொண்டு தாங்களும் கடனில் மூழ்கி இருப்பவர்கள் அவர்களில் பலர். முன்பணம் கொடுக்காவிட்டால் ஆள் கிடைக்காது என்பது அவர்களுடைய கஷ்டம். அவர்கள் எல்லோரையும் கொடுமைக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. நகைக்கும் முன்பணத்துக்கும் இடையே தேர்ந்தெடுக்கும் குடும்பத்திடம் சொல்வது ஒன்றே: ஒன்றில் தங்கம் போய் லாக்கரில் இருக்கிறது, மற்றதில் நீங்கள் போய் இருக்கிறீர்கள்.

மகளின் படிப்பை நிறுத்துவதை ‘தற்காலிகம்’ என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அப்பா எழுந்து நடமாடட்டும், அடுத்த ஜூனில் மறுபடி சேர்த்துவிடலாம் என்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். திரும்பிப் போவது சட்டப்படி முடியும். தனித்தேர்வராக எழுதும் வழியும் இருக்கிறது. ஆனால் வாரக் கூலி ஒருமுறை வீட்டுக் கணக்கில் சேர்ந்துவிட்டால், அது இல்லாமல் வீட்டை நடத்துவது எப்படி என்பது வீட்டுக்கு மறந்து போகிறது. ஒன்பதாம் வகுப்பில் நிற்கும் பெண்ணுக்குக் கைவிட்டுப் போவது வெறும் பாடம் மட்டும் அல்ல. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இன்னும் மூன்று ஆண்டு பள்ளியில் இருந்தால் அவளுக்கு வரப் போகிற அந்த உரிமையை, வாரக் கூலிக்காக இன்றைக்கே விற்றுவிடுகிறோம். நூற்பாலை விடுதிக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் அனுப்பி, முடிவில் மொத்தத் தொகை வாங்கிக் கல்யாணம் செய்யலாம் என்று கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் ஆலைகளுக்குப் பெண்களை அழைத்துப்போன முறையும் இதே கணக்கில் அமைந்ததுதான். ‘ஒரு வாய் குறையட்டும்’ என்று பதினைந்து வயதில் கட்டிக்கொடுப்பது 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம். அது குற்றம் என்பதைவிட, அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை என்பதே என்னை அதிகம் உறுத்துகிறது. அக்கா ஒரே ஒருமுறை இதைப் பற்றி என்னிடம் பேசினாள். ‘சங்கிலியை வித்திருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? அது என்னோடதுதானே, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்’ என்றாள்.

பள்ளிபாளையத்தைப் பற்றி எழுதிவிட்டுச் சிறுநீரகத்தைப் பற்றி எழுதாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. கடனில் மூழ்கிய தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் தேடி வருவது இங்கே பல ஆண்டுகளாக நடப்பது. 2025 ஜூலையில் அது மறுபடி வெளியே வந்து அரசு விசாரணை வரை போனது. இதனால் எங்கள் ஊருக்கு ஒரு பட்டப்பெயர்கூட உண்டு. அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. இந்த வழியில் போகிறவர் வேறு யார்மேலும் சுமையை ஏற்றவில்லை, தன் உடம்பைத்தானே கொடுக்கிறார் என்று தோன்றும். என்னுடைய இரண்டாவது கேள்விக்கு இது தப்பிவிடுவதுபோல இருக்கும். ஆனால் சென்னையில் 2001இல் சிறுநீரகம் விற்ற 305 பேரை நேரில் கண்டு நடத்திய ஆய்வு ஒன்றின் முடிவுகள் அடுத்த ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியாயின. அவர்களில் 96 சதவீதம் பேர் விற்றது கடனை அடைக்க. கிடைத்தது சராசரியாக 1,070 டாலர். கடனுக்காக விற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆய்வு நடந்தபோதும் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 சதவீதம் பேர் உடல்நிலை மோசமானதாகச் சொன்னார்கள். 79 சதவீதம் பேர் வேறு யாருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டோம் என்றார்கள். நாள் முழுக்க நின்றபடியே வேலை செய்து, பாவு உருளையைத் தூக்கி மாற்ற வேண்டிய தொழிலில் இருப்பவருக்கு இதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி பணத்துக்கு உறுப்பைக் கொடுப்பவரும் குற்றவாளி. உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் அங்கீகாரக் குழுவின் முன் ‘பாசத்தால் கொடுக்கிறேன்’ என்று பொய் சொல்ல வைக்கிறார்கள். உடம்பையும் இழந்து, நேர்மையையும் இழந்து, கடனையும் வைத்துக்கொள்ளும் வழி இது.

ஆகவே அந்தக் குடும்பத்துக்கு என் யோசனை இதுதான். முதலில் அரசு மருத்துவமனை, காப்பீட்டு அட்டை. அதே வாரத்தில் இரண்டு பவுன் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு. தேவையானால் அண்ணன் தம்பியிடமோ மைத்துனரிடமோ எழுதிக் கொடுத்து ஒரு சிறு தொகை. அடுத்த கல்வியாண்டில் மகன் அரசுப் பள்ளிக்கு. அதற்கும் மேல் பற்றாமல் போனால் சுயஉதவிக் குழுவின் உள்கடன். முன்பணத்தைக் கூட்டாமல் 60,000லேயே நிறுத்துவது. மகளின் மாற்றுச் சான்றிதழை எந்த நிலையிலும் வாங்காமலிருப்பது. நகையே இல்லாத வீடுகளும் உண்டு. அங்கே இந்த வரிசை இவ்வளவு எளிதாக அமையாது, குழுவும் சொந்தமும் மட்டுமே மிஞ்சும். அப்போதும் வீட்டைச் சின்னதாக மாற்றுவது, வண்டியை விற்பது, தொலைக்காட்சியை விற்பது எல்லாமே மகளின் பள்ளிக்கு முன்னால் வர வேண்டியவை.

மூன்று மாதம் கழித்துக் கணவன் மறுபடி தறிக்குப் போகும்போது, திருப்பிக் கட்டும் வரிசையையும் இதே எடையில் தீர்மானிக்கலாம். வட்டி கூடிய கடனை முதலில் அடைக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. வட்டியே இல்லாத முன்பணத்தைக் கடைசியில் பார்க்கலாம் என்று தோன்றும். நான் அதை மாற்றிச் சொல்வேன். சுயஉதவிக் குழுவில் வாங்கியது பக்கத்து வீட்டுப் பெண்களின் சேமிப்பு என்பதால், அந்தக் கடனை முதலில் முடிக்க வேண்டும். அடுத்தது, வாரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் கூடுதல் பிடித்தம் கொடுத்து, பிடித்த தொகையை முதலாளியின் நோட்டிலும் தங்கள் நோட்டிலும் எழுதி வாங்கி, முன்பணத்தைக் குறைத்துக்கொண்டே வருவது. நகைக்கு வட்டியை மட்டும் தவறாமல் கட்டி, 12 மாதத் தவணை முடியும் முன்பே புதுப்பிக்க முடியுமா என்று வங்கியில் கேட்டு வைத்துக்கொண்டால், அது அங்கேயே பத்திரமாக இருக்கும். தீபாவளி போனஸ் வரும் ஆண்டில் போய் மீட்டுக்கொள்ளலாம்.